படங்குக்குள் வேர்த்த கேரவன்

வானம் இருட்டத் தொடங்கினால் என் முழங்கால் வலிக்கும். அந்த முழங்காலோடுதான் முற்றத்துக்கு ஓடவேண்டும். லுஹர் தொழுது, கணவருக்குச் சோறு ஊட்டி, மருந்து கொடுத்து, கொஞ்சம் சாயலாம் என்று தலையணையைத் தேடும் நேரம் பார்த்து உக்குவளை மலைப்பக்கம் இடி உருளும். இரண்டு வருடமாக ஒரு பகல் தூக்கம்கூட முழுதாகத் தூங்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். முற்றத்தில் நின்ற ஒரு பழைய கேரவனை மழையில் நனையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

என் கணவர் வாசனைச் சரக்கு வியாபாரி. மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று மாத்தளைச் சுற்றுவட்டாரமெல்லாம் அலைந்தவர். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், அந்தக் கேரவன் கண்டுகொள்வாரில்லாமல் கிடந்திருக்கிறது. எந்தக் காலத்துத் துரை கொண்டுவந்ததோ தெரியாது. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே முழுக்கப் பலகை, இரண்டு சின்னப் படுக்கை, கை கழுவ ஒரு தொட்டி. ஏலக்காய் பார்க்கப் போன மனிதர் ஒரு வீட்டையே லொறிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஊர் ஊராகப் போகப்போகிறோம் என்றார். மகன் கடையை எடுக்காமல் கட்டாருக்குப் போனான். அது வேறு கதை.

அதில் ஒரே ஒரு பயணம் போனோம். திருகோணமலைக் கடலுக்கு என்று புறப்பட்டுத் தம்புள்ளையோடு முடிந்த பயணம். மரக்கறிச் சந்தைக்குக் கிட்ட டயர் வெடித்தது. லொறிகளுக்கு நடுவில் ஓரமாக நிறுத்தி, டயர்காரனுக்குக் காத்திருக்கும்போது இவர் ஜன்னலைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார். அவ்வளவுதான். கோவா மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் வந்து, ரெண்டு பிளேன்டீ என்று சிங்களத்தில் கேட்டார். கடை இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஊற்றிக் கொடுத்துவிட்டார். பிறகு வரிசை. சீனி தீரும்வரை ஊற்றினார், நான் கோப்பை கழுவினேன். அன்றைக்கு அவர் சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும், கடலைக் கண்டிருந்தாலும் அவ்வளவு சிரித்திருக்க மாட்டார்.

அதற்கு அடுத்த மாதம் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். ஜன்னலுக்கு நேரே கேரவன். வாய் கோணிப் பேச்சுக் குழறினாலும் விளங்கும். கிளினிக்கில் பயிற்சி கொடுக்கும் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருக்கு ஏதாவது ஒரு ஆச இருக்கணுங்க. ஆச இல்லாட்டி கால் கேக்காது" என்றார். ஆசைக்கு அவரிடம் பஞ்சமில்லை. கேரவன் வாசலில் இரண்டு படி இருக்கிறது. அந்த இரண்டு படியும் தன் காலால் ஏறி உள்ளே போய் உட்காரவேண்டும் என்பதுதான் ஆசை. அதற்காகவே காலையும் பின்னேரமும் நாலு கால் வோக்கரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்குவார். அந்தக் கேரவனுக்கு ஒன்று ஆனால் இந்தக் கால் அசையாது என்பது எனக்கு அன்றே விளங்கிவிட்டது.

முதல் வருட மழைக்கு முன்பு அதை மூடி வைக்க ஏற்பாடு செய்தோம். எங்கள் லொறி ஓட்டிய மனிதர் வந்து டயரில் பாரம் இறங்காமல் கட்டை கொடுத்து நிறுத்தினார். கட்டிலில் கிடந்தபடியே இடது கையை நீட்டி நீட்டி இவர் உத்தரவு போட்டார். உள்ளும் புறமும் கழுவச் சொன்னார். தரை, மெத்தை, தொட்டி எல்லாம் தேய்த்துக் கழுவினோம். கழுவி முடியும்போது வானம் கறுத்துவிட்டது. இவருக்குப் பதற்றம்.

"மழ வருது, மூடுங்க மூடுங்க. படங்கக் கீழால சுத்திக் கட்டுங்க. எலி போறதுக்கும் எடம் வெக்காதீங்க."

லொறிக்குப் போடும் பெரிய கித்தான் படங்கு. தலையிலிருந்து சக்கரம் வரை மூடி, அடியால் கயிறு கொடுத்து, சரக்கு லொறியைக் கட்டுகிற மாதிரியே இறுக்கிக் கட்டினோம். கட்டும்போது என் கையில் மெத்தையின் ஈரம் இருந்தது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மிளகைச் சாக்கில் கட்டுவதற்கு முன்பு முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்ப்போம். கை சூடாகவோ பிசுபிசுப்பாகவோ வெளியே வந்தால் மூட்டையை அவிழ்த்து மறுபடி பாயில் பரத்தவேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டினால் ஒரு வாரத்தில் வெள்ளை பூத்துவிடும். காற்றுப் போகாத பொலித்தீனை மிளகுக்குக் கிட்டவே கொண்டுபோக மாட்டோம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. அவர் சொன்னார், நான் பேசாமல் கட்டினேன்.

அதற்குப் பிறகு என் பாடு தொடங்கியது. ஒவ்வொரு மழைக்கும் கூரை நடுவில் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கும். ஸ்டூலில் ஏறி நின்று தும்புத்தடியால் தள்ளவேண்டும். காற்று அடித்தால் கயிறு தளரும், இழுத்துக் கட்டவேண்டும். பலா இலை விழுந்து அழுகினால் கூட்டவேண்டும். நனைந்து வந்து சேலை மாற்ற முன்பே முன்னறையில் இருந்து குரல் வரும்.

"உள்ளுக்கு எப்பிடி ஈக்குது?"

"நல்லா ஈக்குது."

ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை என்ற நம்பிக்கையில் சொன்னதுதான். இரண்டாவது வருட மழை பாதியில், குளவி கூடு கட்டுகிறதோ என்று ஒரு பக்கம் கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தேன். முகத்தில் அடித்த வாடையில் இரண்டு எட்டுப் பின்னால் வந்தேன். சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. மெத்தையில் பூஞ்சணம் பஞ்சு பஞ்சாக. ஒரு காலை உள்ளே வைத்தேன், தரைப் பலகை தேத்தண்ணியில் ஊறிய பாண் துண்டு மாதிரி அமுங்கிக் கால் உள்ளே இறங்கிவிட்டது. மேலே அண்ணாந்து பார்த்தேன், ஒழுகிய அடையாளம் ஒன்றும் இல்லை. நாங்கள் கட்டி வைத்த ஈரமே வெயிலுக்கு வேர்த்து, போக வழியில்லாமல், பலகையைத் தின்றிருக்கிறது.

காலை இழுத்தெடுத்துப் படியில் உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு களைப்பு. எத்தனை மழையில் இந்த ஸ்டூலில் ஏறியிருப்பேன். காக்கிறேன் காக்கிறேன் என்று அழுகலைத்தான் காத்திருக்கிறேன். பிறகு கதவைச் சாத்தி, கயிற்றை முன்பு இருந்த மாதிரியே இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே போனேன்.

"குளவி ஈந்திச்சா?"

"இல்ல. நல்லா ஈக்குது."

பொய்க்கு மேல் பொய் அன்றிலிருந்து. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் அவர் ஒவ்வொன்றாக விசாரிப்பார். ஜன்னல் கொண்டி துருப்பிடித்ததா, திரைச்சீலையைப் பூச்சி அரித்ததா என்று. நானும் கண்ணால் கண்ட மாதிரிச் சொல்வேன். கொண்டிக்குத் தேங்காய் எண்ணெய் பூசினேன் என்றேன் ஒரு நாள். அவருக்கு ரொம்பத் திருப்தி. மருந்து, மலம், மூத்திரம் தவிர வேறு ஏதாவது நாங்கள் பேசியது அந்த நேரத்தில் மட்டும்தான். மகன் போனில், "உம்மா, அத வித்துத் தொலைங்களேன், நீங்க படுற பாடு" என்பான். விற்க அதில் என்ன இருக்கிறது என்று அவனிடமும் நான் சொல்லவில்லை. இவரோ காலைத் தூக்கிக்கொண்டே இருந்தார். தரையில் இருந்து ஒரு சாண் தூக்கினார். பிறகு வோக்கரோடு கதவு வரை போய் வந்தார். மிஸ் கை தட்டினார். நான் கேரவனின் அந்த இரண்டு படியை நினைத்துக்கொண்டேன்.

போன மாசி மாதம், மழை விட்டு வெயில் ஏறிய ஒரு வியாழக்கிழமை, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம லொறிக்காரர வரச் சொல்லு. படங்க அவுக்கட்டும். நான் ஏறப் போறேன்."

அன்று முழுக்க வழி தேடினேன். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா, சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா என்றெல்லாம் நினைத்தேன். ஆனால் அந்தப் பலகையில் அவர் கால் வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலை, கால் கழுவிவிடும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அதுக்குள்ள ஏற ஏலாது. உள்ளுக்கு ஒண்டும் மிச்சமில்ல. எல்லாம் உளுத்துப் போச்சி."

"எப்ப இருந்து?"

"போன மழையில இருந்து."

"ஒழுகினதா?"

"இல்ல. ஈரத்தோட கட்டினோமே. உள்ளுக்கே வேர்த்து ஊறிப் போச்சி."

அவர் வியாபாரி, அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று பயிற்சி செய்யவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லொறிக்காரர் வரவில்லை, நான் சொல்லவும் இல்லை. சோறு ஊட்டினால் வாயைத் திறப்பார், போதும் என்றால் மூடுவார். அஸருக்குப் பிறகு தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கும். மிஸ் சொன்னது நடந்துவிட்டது, என் வாயாலேயே அவர் காலை முறித்துவிட்டேன் என்று நினைத்தேன். பகலில் படுத்தால் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் கோப்பையை எடுக்கப் போனபோது பேசினார்.

"கட்டுற நேரம் ஈரம்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பொறகு ஏன் வாயத் தொறக்கல்ல?"

"சொகமில்லாத மனிசன்கிட்ட எப்பிடிச் சொல்ற? நீங்க கட்டச் சொன்னீங்க, கட்டினேன்."

"மொளகுச் சாக்குல நீ கைய உட்டுப் பாக்காம என்னய ஒரு நாள் கட்ட உட்டீக்கியா? சந்தையில வெச்சிம் சண்ட புடிப்பாய். நான் விழுந்த பொறகு எதுக்கெடுத்தாலும் சரி, எதுக்கெடுத்தாலும் சரி. கேரவன் போனாப் போகட்டும். மையத்து கெடக்குற வீட்டுல பேசுற மாதிரி நீ என்னோட பேசி ரெண்டு வருசம்."

குழறிக் குழறி அவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம் வந்தது. இரண்டு வருடமாகச் சேர்ந்த கோபம்.

"அப்ப கேளுங்க" என்றேன். "அந்தத் தகரத்தத் திருப்பிக் குடுங்கன்னு அண்டைக்கே சொன்னேன். கேட்டீங்களா? கழுவினது காயணும்னு ஒங்களுக்குத் தெரியாதா? மழையில நனஞ்சி நனஞ்சி என்ட முழங்கால் போச்சி. அந்தப் படங்க இனி நான் தொட மாட்டேன். வேணும்னா எழும்பி வந்து நீங்களே அவுத்துக்கங்க!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. தன்பாட்டில் எழும்ப முடியாத மனிதனைப் பார்த்து எழும்பி வா என்கிறேன். கோப்பையைக் கீழே வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இடது கையை நீட்டி வோக்கரைப் பிடித்து இழுத்தார். அது கட்டில் காலில் மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார், வரவில்லை.

"பாத்துக்கிட்டு நிக்கிறாய்" என்று கத்தினார். "எடுத்துத் தாவேன், பொம்பள!"