காதர் தந்த கஞ்சி

பெங்களூர் கண்டோன்மென்ட் பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாய் விரித்திருக்கிறார்கள். ரயில் கரி படிந்த கோட்டுடன் நிற்கிறேன். வாணியம்பாடியிலிருந்து நான் தேடி வந்த காதர், நரைத்த தாடியோடு கஞ்சிக் கோப்பைகளை வரிசையாக வைக்கிறான்.

இளவயதில் ஒரு ரமலானில், காய்ச்சலில் கிடந்த அவன் பகலில் கஞ்சி குடித்ததைப் பார்த்தேன். காய்ச்சலில் நோன்பை விடலாம் என்று தெரிந்தும், நோன்பை மதிக்காதவன் என்று ஊரெல்லாம் சொன்னேன். அவனுக்குப் பேசிய பெண்ணைத் தர மறுத்துவிட்டார்கள். அவன் ஊரைவிட்டே போனான். ஒவ்வொரு ரமலானிலும் அழுது தவ்பா செய்து இறைவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதனும் மன்னிக்க வேண்டும்.

அவன் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்கிறேன். கரி படிந்த என் கோட்டைப் பார்த்துக் கேட்கிறான்.

"இன்னிக்கு நோன்பா?"

"இல்லப்பா. ரயில்ல தலை சுத்துச்சு, தண்ணி குடிச்சிட்டேன்."

"பயணத்துல விடலாம், குத்தமில்ல. பயப்படாதடா, ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகின்றன.

"ரொம்ப வருசம் உன்னைத் திட்டுனேன். அப்புறம் அலுத்துப் போச்சு. மாஃப் பண்ணிட்டேன், உக்காரு."

மாலைத் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கிறது. தன் கோப்பையைத் தொடுமுன் என் கோப்பையை என் பக்கம் நகர்த்துகிறான். இறைவனுக்கு நன்றி சொல்லிக் குடிக்கிறேன்.