பூச்சியின் மேல் விழுந்த பழி

புத்தூரில் ஒரு சின்ன லேபில் இருபத்தாறு வருஷமாக இருதயமேரி பார்க்கிற வேலையைப் பற்றி யாரும் சாப்பாட்டு நேரத்தில் விசாரிப்பதில்லை. மோஷன் டெஸ்ட். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துக் கை கழுவுகிற ஸ்லைடை அவர் மூலை முடுக்கு விடாமல் பார்ப்பார். பூச்சி முட்டை தெரிந்தால் 'இருக்கிறது' என்று எழுதினாலே போதும். இந்த அம்மா எத்தனை என்று எண்ணி நோட்டில் குறித்தும் வைப்பார். யாரும் கேட்டதில்லை, அவர் குணம் அப்படி.

தொட்டியத்து வாழைத்தோட்டத்தில் வேலை பார்க்கும் மூக்கன் முதலில் வந்தபோது பதின்மூன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறு கிராம்தான் இருந்தது. ஸ்லைடில் கொக்கிப்புழு முட்டை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குப் பாதம் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற ஜந்து அது. காரணம் கிடைத்துவிட்டதென்று டாக்டர் பூச்சி மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதினார். மேரியும் நிம்மதியாக அடுத்த ஸ்லைடுக்குப் போனார். அதற்காகப் பின்னால் தன்னைத்தானே நிறையத் திட்டிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, பூச்சி போய்விட்டதா என்று பார்க்க மூக்கன் மறுபடி வந்தார். மூன்று ஸ்லைடு பார்த்தும் ஒரு முட்டைகூட இல்லை. ஆனால் மனுஷனுக்கு உதடெல்லாம் வெளுத்து, மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. மேரி பழைய நோட்டைப் புரட்டினார். முழு ஸ்லைடுக்கும் நாலே நாலு முட்டை. இவ்வளவு கொஞ்சப் பூச்சியா ஒரு ஆளை இப்படி உறிஞ்சியிருக்கும்? டாக்டர் எழுதாத டெஸ்ட் ஒன்றை அவரே செய்து பார்த்தார். கண்ணுக்குத் தெரியாமல் மலத்தில் ரத்தம் இன்னும் கலந்து வந்துகொண்டிருந்தது.

"பூச்சி போயிடுச்சுல்லம்மா? பேப்பரைக் குடுங்க. வாழைத்தார் வெட்டு இருக்கு, போயிட்டு வரேன்," என்றார் மூக்கன்.

"மெஷின் ரிப்பேருங்க. ஒரு மணி நேரம் உக்காருங்க," என்று வாய் கூசாமல் பொய் சொன்னார் மேரி. பேப்பர் கைக்குப் போனால் ஆள் பஸ் ஏறிவிடுவார்.

லேபைக் கவனித்துக்கொள்ளும் ஜோஸுக்குக் கவலை. "மேரிக்கா, ரிசல்ட் குடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது. டாக்டருக்கே சொல்லிக் குடுத்தா கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கட்டும், நான் வாங்கிக்கறேன்," என்று மேரி போனை எடுத்தார்.

டாக்டர் எரிந்துதான் விழுந்தார். நாலு முட்டை என்றதும் சத்தம் அடங்கியது. "ஆளைக் கையோட அனுப்புங்க. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்துடுவோம்."

பெருங்குடலில் புற்றுநோய் இருந்தது. பரவுவதற்கு முன்பே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

மூக்கன் எழுந்து நடமாடத் தொடங்கியபின் அவர் மனைவி அழகம்மாள் ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு லேபுக்கு வந்தார். "அந்தப் பூச்சிதான் புத்துநோயா மாறிடுச்சாம்மா?"

"இல்லீங்க. வேற சில புழுவுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. இவருக்கு அது வேற, இது வேற. பூச்சி கெடைச்சதும் பழியை அது மேல போட்டுட்டு எல்லாரும் தேடறதை நிறுத்திட்டோம். நானுந்தான்."

அழகம்மாள் பழச் சீப்பை மேஜை மேல் வைத்தார்.

"எங்க கொழுந்தனாரும் இப்படித்தான் வெளுத்துப் போயி செத்தாரு. பூச்சின்னுதான் சொன்னாங்க. நாப்பத்தஞ்சு வயசு."

மேரி பேனாவை எடுத்தார்.

"அவருக்குப் பிள்ளைங்க எத்தனை பேரு? இது ரத்த சொந்தத்துல தொடர்ந்து வரலாம். நாளைக்கே கூட்டிட்டு வாங்க."