அக்கா சொன்ன பின்பாதி

மூன்று பேட்டரிக் கட்டை போடும் டார்ச் லைட் அது. மேல்பூச்சு உரிந்து அங்கங்கே பித்தளை தெரியும். பொத்தானை மேலே தள்ளும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சனிக்கிழமை மேட்னி ஆட்டத்தில், இடைவேளை விளக்கு எரிவதற்குச் சற்று முன்னால், அந்த வெளிச்சம் என் காலடியில் இரண்டு முறை விழுந்து அணையும். எழுந்திரு என்று அர்த்தம். திரையில் என்ன நடந்துகொண்டிருந்தாலும் நான் எழுந்து, பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த வெளிச்ச வட்டத்தின் பின்னாலேயே நடந்து வெளியே வந்துவிடுவேன். என் பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை நான் பார்த்த படங்கள் எல்லாமே முன்பாதிதான்.

டார்ச்சைப் பிடித்திருந்தவள் என் அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். அப்பா இறந்ததும் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தியேட்டரில் பெண்கள் பகுதிக்கு டிக்கெட் கிழிக்கும் வேலைக்குப் போனாள். பாதி டிக்கெட்டைக் கிழித்துத் தகரப்பெட்டியில் போட்டுவிட்டு, இருட்டில் வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்ட வேண்டும். மேட்னிக்குப் பழைய படங்கள்தான் ஓட்டுவார்கள், கூட்டம் இருக்காது. அதனால் மேனேஜர் என்னைச் சும்மா உள்ளே விடுவார். ஆனால் விளக்கு எரியும்போது நான் கண்ணில் படக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. எனக்கும் வீட்டில் வேலை இருந்தது. நாலரை மணிக்கு அம்மா வாசலில் இட்லிக் கடை அடுப்பைப் பற்ற வைப்பாள். அதற்குள் நான் போய்ச் சட்னிக்குத் தேங்காய் துருவ வேண்டும்.

அக்காவுக்கோ முன்பாதி கிடையாது. தாமதமாக வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அவள் வாசலிலேயே நிற்க வேண்டும். இடைவேளை முடிந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். ஆக, ஒரு படத்தை நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் முழுதாகப் பார்த்தோம். ராத்திரி இட்லித் தட்டுகளைக் கழுவும்போது, "சொல்லுடி, மொதல்ல என்னா ஆச்சு?" என்று கேட்பாள். நான் முன்பாதியைச் சொல்வேன். வேறு யாரிடமும் வாய் திறக்காத நான் அவளிடம் மட்டும் சண்டைக் காட்சியைக்கூட விடாமல் சொல்வேன். தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பின்பாதியைச் சொல்வாள்.

அந்தக் காலத்துப் படங்களில் அக்கா தங்கை கதைகள் நிறைய வரும். பெரியவள் வெளிர்நிறப் புடவை கட்டி, தலையை இழுத்து வாரி, வேலைக்குப் போவாள். சின்னவள் தாவணியும் ரிப்பனுமாகச் சைக்கிள் விடுவாள். இருவரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். மாசி மகத்துக்கு வருகிற நாடகத்தில்கூட அப்படித்தான், ஆண்களே பெண் வேஷம் போட்டுக்கொண்டு 'அக்கா', 'தங்கச்சி' என்று கட்டிக்கொள்வார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு டைப்பிஸ்ட் அக்கா படம். பெரியவள் டைப் அடித்துத் தங்கையைப் படிக்க வைக்கிறாள். தங்கையைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து அவள் பாடும் பாட்டு துள்ளிக்கொண்டு ஓடும். ஆபீசில் ஒருவன் பெரியவளிடம் அன்பாக இருக்கிறான், பெண் பார்க்க வருகிறேன் என்கிறான். வந்த இடத்தில் தங்கையைப் பார்த்துவிட்டு அசந்து நிற்கிறான். அந்த இடத்தில் என் காலடியில் டார்ச் அடித்துவிட்டது.

"அப்புறம் என்னாக்கா ஆச்சு?" என்று அன்று ராத்திரி பறந்தேன்.

"என்னா ஆவும்? சின்னவளக் குடுங்கன்னு கேட்டான். அக்காக்காரி இடுப்புல கைய வச்சிக்கிட்டு, 'ஏய்யா, நீ பொண்ணு பாக்க வந்தியா, கத்திரிக்கா பொறுக்க வந்தியா'ன்னு கேட்டா பாரு ஒரு கேள்வி. கொட்டாயே கை தட்டுச்சு. அவன் தலையத் தொங்கப்போட்டுட்டுப் போயிட்டான். அக்காளும் தங்கச்சியும் நேரா ஓட்டலுக்குப் போயி பூரி சாப்புட்டாங்க. வணக்கம் போட்டுட்டான்."

அக்கா சொன்ன படங்கள் பலவும் ஓட்டலில்தான் முடியும். எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. எங்களுக்குப் பூரி அரிதாகத்தான் கிடைக்கும், அதனால் அது நல்ல முடிவாகவே பட்டது.

எனக்குப் பதினெட்டு வயதானபோது வில்லியனூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகு காலம் தொடங்குவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று, சொன்ன நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அக்கா இன்னும் தியேட்டரிலிருந்து வரவில்லை. வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்க அம்மாவுக்கு மனமில்லை. "நீயே கொண்டு போயி குடுத்துட்டு வாடி" என்று காபித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். பெண் பார்க்கும் வீட்டில் யார் காபித் தட்டோடு வருகிறாளோ அவள்தான் பெண். அந்தப் பதற்றத்தில் அம்மாவுக்கு அது நினைவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. நான் தரையைப் பார்த்தபடி காபி கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வேர்த்து விறுவிறுத்து வந்தாள். கையில் டார்ச்கூட அப்படியே இருந்தது. முகம் கழுவி, புடவை மாற்றி, அவள் வந்து நமஸ்காரம் செய்தபோது அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

நாலு நாள் கழித்துத் தரகர் வந்தார். "சின்னதக் குடுத்தா நாளைக்கே தட்டு மாத்திக்கலாம்ங்கறாங்க. நகை நட்டு ஒன்னும் கேக்கல" என்றார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். பக்கத்துச் சொல்தா வீட்டு மாமிதான் பேசினாள். அவள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அங்கே சிப்பாய்க்குச் சொல்தா என்று பெயர், அதனால் தெருவில் அவர்கள் சொல்தா வீடு. "பெரியவ கொஞ்சம் விட்டுக் குடுத்தா சின்னவ வாழ்க்கை நல்லாயிடும். எத்தன படத்துல பாக்குறோம்" என்றாள். மேட்னிக்குத் தவறாமல் வருகிறவள் அவள்.

அன்று ராத்திரி அக்கா அம்மாவிடம், "சரிம்மா, அவளுக்கே பண்ணிடு. எனக்கு ஒன்னுமில்ல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவள் குரல் அழுகிற மாதிரி இல்லை. எங்கோ ஒத்திகை பார்த்துவிட்டு வந்து சொல்வது போல இருந்தது. நான் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அக்காவைப் பார்க்க வந்தவனோடு எப்படி வாழ்வது, அவளை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் மாட்டேன் என்று பெரியவர்கள் எதிரில் சொல்ல எனக்கு வாய் வராது. தரகர் ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்டு வருவார்.

சனிக்கிழமை மேட்னிக்குப் போனேன். உள்ளே போகாமல் பெண்கள் வாசலில் அக்காவின் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "படம் பாக்கல?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அக்கா, அந்த டைப்பிஸ்ட் அக்கா கேட்டாளே, அதே மாதிரி நீயும் கேளேன்."

"எந்த டைப்பிஸ்ட்டு?"

"கத்திரிக்கா பொறுக்க வந்தியான்னு கேட்டாளே, அவ. அவளும் நம்மள மாதிரிதான? அவ தங்கச்சியத் தள்ளிவுடலியே."

அக்கா என்னையே பார்த்தாள். டார்ச்சின் பொத்தானை மேலே தள்ளினாள், கீழே இழுத்தாள், மறுபடி தள்ளினாள். பகல் வெளிச்சத்தில் விளக்கு எரிவது தெரியவில்லை, 'டக்', 'டக்' என்ற சத்தம்தான் கேட்டது. தாமதமாக ஒரு அம்மாள் குழந்தையோடு வந்தாள். அக்கா டிக்கெட்டைக் கிழித்து, உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு வெகுநேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "அவ கேட்டா சரி. நான் கேட்டா எவன் கை தட்டுவான்?" என்றாள்.

"நான் தட்டறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தரகரோடு மாப்பிள்ளையின் பெரியப்பாவும் வந்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அக்கா வந்து நின்றாள். இடுப்பில் கை வைக்கவில்லை, முந்தானையைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தாள். "ஏங்க பெரியவரே, நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, கத்திரிக்கா பொறுக்க வந்தீங்களா?" என்றாள். "என் தங்கச்சிய இந்த மாதிரி குடுக்கறதா இல்ல. நானும் வரல. காபி சாப்புட்டுட்டுப் போங்க." பெரியவர் காபி சாப்பிடவில்லை. கை தட்டுவதாகச் சொன்ன நான் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றேன், கையை அசைக்கக்கூட முடியவில்லை.

வேடிக்கை பார்க்க வந்திருந்த சொல்தா வீட்டு மாமிதான் வாயைப் பிளந்துவிட்டாள். "அடி ஆத்தாடி, எந்தப் படத்துலடி பாத்த இத?"

"பின்பாதியில வருது மாமி. நீங்க தூங்கிட்டீங்க" என்றாள் அக்கா.

அதன் பிறகு அவளுக்கு வாயாடி என்று பெயர் வந்தது. ஒன்றரை வருடம் யாரும் பெண் கேட்டு வரவில்லை. என்னால்தானோ என்று நான் உள்ளுக்குள் அழுதிருக்கிறேன். பிறகு அதே தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து கேட்டார். அவர்தான் எங்கள் மாமா. அதற்குள் நான் தையல் கற்றுக்கொண்டிருந்தேன். எனக்கும் பின்னால், பார்க்க வந்தவர்கள் என்னையே பார்த்து, கல்யாணம் நடந்தது.

இதுவரை சொன்னது எனக்குத் தெரிந்த கதை. போன வருடம்தான் மீதியும் தெரிந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் நாங்கள் எட்டுப் பெண்கள் வேலை செய்கிறோம். ரேடியோ நாள் முழுதும் பாடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் அந்தச் சைக்கிள் பாட்டு வந்தது. ஆனால் மெதுவாக, இழுத்து இழுத்து, நடுவில் விம்மலோடு. "யாரோ தப்பாப் பாடுறாங்க. இது வேகமாப் போற பாட்டு" என்றேன். நான் பேசியதே அவர்களுக்கு அதிசயம். பக்கத்து மிஷின்காரி சிரித்துவிட்டாள். "அது சோகப் பாட்டு அக்கா. பின்பாதியில வருமில்ல? பெரியவ அவனத் தங்கச்சிக்கே கட்டி வச்சிட்டு, அங்க தாலி கட்டறப்ப இங்க ரயில்ல தனியா போவாளே. போற வழியிலயே செத்துடுவா."

"இல்லியே. ஓட்டல்ல பூரி சாப்புடுவாங்களே" என்றேன். எட்டு மிஷினும் நின்றுவிட்டன. அவர்கள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அவள் செல்போனில் அந்தக் கடைசிக் காட்சியைத் தேடிக் காட்டினாள். கத்திரிக்காய் எங்குமே இல்லை.

அன்று ராத்திரி பேத்தியின் செல்போனை வாங்கி, எனக்கு நினைவிருந்த மற்றப் படங்களின் முடிவையும் பார்த்தேன். ஒன்றில் அக்கா கடலில் இறங்குகிறாள். ஒன்றில் தங்கைக்குக் கண்ணைக் கொடுக்கிறாள். ஒன்றில் இருமி இருமியே போய்ச் சேருகிறாள். அத்தனையும் என் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு படத்துக்கு ஏழு நாள், பத்து நாள் என்று திரும்பத் திரும்பப் பார்த்தவை. சின்ன வயதிலேயே வீட்டைச் சுமந்த ஒரு பெண்ணுக்கு, அக்காக்கள் எப்படி முடிந்துபோக வேண்டும் என்று தினமும் பாடம் நடந்திருக்கிறது. அவள் அதை வாங்கித் தனக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு வேறு ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறாள். அக்கா எனக்காக எதையும் இழக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பள்ளியை விட்டாளே. ஆனால் எனக்காக ஒருத்தி அழிந்துபோனாள் என்ற பாரத்தை மட்டும் அவள் என் மேல் வைக்கவில்லை. அவளே இட்டுக்கட்டிய ஒரு வரியை, அவளுக்கு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், நான் ஒன்றும் தெரியாமல் திருப்பிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகப் பேசியது அந்த ஒரு சமயம்தான்.

இதை அவளிடம் சொல்லவில்லை. வீட்டில் டீவி வந்த பிறகுகூட, பழைய படம் போட்டால் நான் பாதியில் எழுந்துவிடுவேன், மீதிதான் தெரியுமே என்று. நான் பிள்ளைகளுக்கு முடிவு சொல்லும்போதெல்லாம் மாமாவுக்கு இருமல் வந்ததன் காரணமும் இப்போதுதான் புரிகிறது. எல்லாப் படத்தையும் ஓட்டியவர் ஆயிற்றே.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முத்தியால்பேட்டைக்குப் போயிருந்தேன். மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடி டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். தியேட்டரை இடித்தபோது மேனேஜர் அந்தப் பழைய டார்ச்சை அவளுக்கே கொடுத்துவிட்டார். டீவியில் அந்த டைப்பிஸ்ட் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன், அவளும் உட்கார்ந்தாள். சைக்கிள் பாட்டு வந்ததும் இரண்டு பேரும் முணுமுணுத்தோம். பெண் பார்க்க வந்தவன் தங்கையைப் பார்த்து நின்றான். 'டக்' என்று சத்தம் கேட்டது. என் காலடியில் வெளிச்சம் இரண்டு முறை விழுந்தது.

"போடி, போயி டீ போடு" என்றாள்.

எழுந்து போனேன். டீவியின் சத்தம் குறைந்தது. பால் பொங்கி அடங்கிய பிறகும் நான் அடுப்படியை விட்டு வரவில்லை. மூன்று தம்ளர்களோடு நான் வந்தபோது டீவி அணைந்திருந்தது.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"ம்."

"என்னாக்கா ஆச்சு?"

மாமா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அக்கா டீயை ஒரு வாய் குடித்தாள். "என்னா ஆவும்? அவன ஓட்டிவுட்டுட்டு ரெண்டு பேரும் ஓட்டலுக்குப் போயி பூரி சாப்புட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஆளுக்கொரு காபி."

காபி புதிது. முன்பெல்லாம் பூரியோடு முடித்துவிடுவாள். நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தட்டினேன். மாமா பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "பைத்தியமாடி உனக்கு" என்றாள் அக்கா. டார்ச் கட்டிலில் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது, அணைக்காமலே வைத்திருந்தாள். நான்தான் எடுத்து அணைத்தேன்.