ஆதாரம் கேட்டார்கள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவனுக்கு. முன்பக்கம் கடை பளபளவென்று இருக்கும். பின்னால் ஜன்னல்கூட இல்லாத அறை, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் கல், எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத வெள்ளைச் சேறு. பதினாறு வருஷமாக ஊரார் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவனை முதலாளி இன்னும் "ஏய், பின்னாடி!" என்றுதான் கூப்பிடுவார்.

கைபேசிக்குள் மட்டும் அவன் வேறு ஆள். இடிமுகன் ரசிகர் குழுவில் அவனுக்கு நீதிபதி என்று பெயர். இடிமுகன், நாற்பது வருஷமாகப் படக்கதைப் புத்தகங்களில் ஊரைக் காப்பாற்றி வருகிற சாகச வீரன். ஒரு தடவைகூட முகமூடியைக் கழற்றியதில்லை. எந்த இதழில் எந்தப் பக்கத்தில் யாரை அடித்தான் என்பதெல்லாம் நீதிபதிக்குத் தலைகீழ்ப் பாடம். குழுவில் சண்டை முற்றினால் அவன் வந்து நாலு வரி எழுதுவான், அத்தோடு அடங்கிவிடும்.

ஒருநாள் படக் கம்பெனி, இடிமுகன் படமாகப் போவதாக அறிவித்தது. இயக்குநர் ஒரு பெண்மணி. அதற்கு முன் இரண்டே படம் எடுத்தவர். இரண்டிலும் ஒரு குடும்பம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும், பார்க்கிறவர்களுக்குக் கண் கலங்கும். குழு கொதித்துப் போயிற்று. ஒரே மணி நேரத்தில் அந்த அம்மாளுக்கு 'அழுகாச்சி' என்று பெயர் விழுந்தது. படத்துக்குப் படம் பத்துக் கட்டடத்தைத் தகர்க்கிற இன்னொரு இயக்குநரை 'வெடி' என்பார்கள். அவர்தான் வேண்டும் என்றது பாதிக் குழு. "வெடிக்குக் கதை தெரியாது, அழுகாச்சிக்குச் சண்டை தெரியாது, எந்தக் கிணத்துல விழறது?" என்று எழுதினான் ஒருவன். அவன் பெயர் ஸ்குரூ. யாரையாவது குடைந்துகொண்டே இருக்கிறவன்.

நீதிபதி வெடியின் பக்கம். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "அந்தம்மா முகமூடியைக் கழட்டப் போறாங்க. எனக்கு உள்ளே ஆள் இருக்கு" என்று எழுதிவிட்டான்.

ஸ்குரூ விடுவானா? "ஆதாரம் எங்கே நீதிபதி அவர்களே? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டயம். இல்லன்னா நீதிபதிங்கற பட்டத்தை முதல்ல கழட்டுங்க."

உள்ளே ஆள் இருந்தது உண்மை. அவனுடைய சொந்த அக்காதான். கணவன் போன இடம் தெரியாமல் போனபிறகு தம்பியோடு வந்து இருந்தவள். முன்னறையில் அவளுடைய தையல் மெஷின், உள்ளறையில் அவனுடைய கட்டிலும் படக்கதைப் புத்தகங்களும். படக் கம்பெனியின் உடைப் பிரிவில் அவள் தையல்காரி. அந்த இயக்குநரின் இரண்டாவது படத்துக்கும் அவள்தான் தைத்தாள். மேடம் மேடம் என்று உருகுவாள். இடிமுகன் உடையும் அவள் கைக்கே வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் கைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான்.

"ஏன்க்கா, முகமூடி தைச்சு முடிச்சாச்சா?"

"அதை ஏன்டா கேக்கறே! நேத்து டிரையல். நடிகர் வரல. மேடம், சரி குடுங்க நானே போட்டுப் பாக்கறேன்னு மாட்டிக்கிட்டாங்க. உள்ளே போன தலை வெளிய வரலடா! 'ஐயோ, மூச்சு முட்டுதே, இதை மாட்டிக்கிட்டு அந்த ஆளு எங்க ஊரைக் காப்பாத்தறது, முதல்ல அவனை யாராவது காப்பாத்துங்க'ங்கறாங்க. நான் கத்தரியைத் தூக்கிட்டு ஓடறேன்..."

அக்கா சிரித்தாள். அவள் சிரிப்பே தனி. முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். அப்புறம் மூச்சை உள்ளே இழுக்கும்போது துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி ஒரு கிறீச். கேட்கிறவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

"புத்தகமெல்லாம் படிச்சாங்களாமா?" வாயைப் பிடுங்கினான்.

"ஒண்ணே ஒண்ணு படிச்சாங்களாம். எழுத்து பொடியா இருந்துச்சாம், மிச்சத்துக்குப் படம் பாத்தாங்களாம்!" மறுபடியும் கிறீச். "பாதிப் படத்துக்கு மேல முகமூடியைக் கழட்டிடலாம், மூஞ்சியே தெரியாதவனுக்காக எவன் அழுவான்னு கேக்கறாங்க. நியாயந்தானே? டேய், வெளிய மூச்சு விட்டுடாத. எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"நான் யார்கிட்டக்கா சொல்லப்போறேன்" என்றான்.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். கடைசியில் இருந்த எச்சரிக்கையை வெட்டினான். தன் குரலை வெட்டினான். சிரிப்பை மட்டும் தொடவில்லை. அது இருந்தால்தான் நம்புவார்கள் என்று பட்டது. சாயங்காலத்துக்கு முன்பே பதிவேற்றி, குழுவின் உச்சியில் ஒட்டி வைத்தான்.

திங்கட்கிழமைக்குள் அது குழுவைத் தாண்டிப் போய்விட்டது. புதன்கிழமை நடுப்பகலில் அக்கா கத்தரியும் அளவு நாடாவும் போட்ட பையோடு வீட்டுக்கு வந்தாள். உடைப் பிரிவில் எல்லோரையும் நிற்கவைத்து அந்த ஒலியைப் போட்டார்களாம். யார் குரல் என்று கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் அவன் வீடு திரும்பியதும் கேட்டாள்: "யார்டா போட்டது?"

"நான் போடலக்கா. ஒரே ஒரு ஃபிரெண்டுக்குத்தான் அனுப்பினேன். அவன் பாவி இப்படிப் பண்ணிட்டான்."

"அழிக்கச் சொல்லு."

"அழிச்சாச்சுக்கா."

நம்பினாள். அது அவளுக்குப் பழக்கம்.

மறுவாரம் கம்பெனி இயக்குநரை மாற்றியது. கருத்து வேறுபாடு என்று ஒற்றை வரி அறிக்கை. அக்கா மன்னிப்புக் கேட்க மேடத்துக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீங்க சிரிச்சதுல எனக்குக் கோபமில்லம்மா. அன்னிக்கு நானும்தானே சிரிச்சேன். ஆனா இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க."

குழுவிலோ திருவிழாக் கூட்டம். வெடி வந்துவிட்டார். நீதிபதியைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஸ்குரூவே வந்து தண்டனிட்டான். பிறகு எவனோ அந்தச் சிரிப்பை மட்டும் தனியாக வெட்டி எடுத்தான். யாராவது அசட்டுத்தனமாக எழுதினால் பதிலுக்கு அந்தச் சிரிப்பைப் போடுவது வழக்கமாயிற்று. அது இடிமுகனையும் தாண்டிப் போனது. பஸ்ஸில் ஒரு பெண்ணின் கைபேசி அந்தச் சிரிப்போடு மணியடித்தது. மளிகைக் கடையில் சில்லறை கொட்டிவிட்டது என்று அக்கா லேசாகச் சிரித்துவிட, பின்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அதே மாதிரி சிரிக்கறீங்களே! இன்னொருக்கா சிரிங்க!" என்றார்கள். சாமானை வாங்காமலே வந்துவிட்டாள்.

கடையில் ஒருநாள் முதலாளி, "ஏய், பின்னாடி, இங்க வா, இதைக் கேளு" என்று கூப்பிட்டுத் தன் கைபேசியை நீட்டினார். கிறீச். முதலாளி தொந்தி குலுங்கச் சிரித்தார். அவனும் கூடச் சிரித்தான். சிரித்துவிட்டு உள்ளே போய், கல்லில் கைவைத்து, ஒருவருடைய வலது லென்ஸை இடது அளவுக்குத் தேய்த்துப் பாழாக்கினான்.

இரண்டு மாதம் கழித்து அக்கா வேறொரு தையற்கூடத்தில் வேலை கேட்டுப் போனாள். அங்கிருந்த மேற்பார்வைக்காரி, "அந்தச் சிரிப்பு நீங்கதானா?" என்று வியந்துபோய், பிரியமாகவே தன் கைபேசியில் மூலப் பதிவை எடுத்துக் காட்டினாள். பதிவு அழிக்கப்படவில்லை. உச்சியிலேயே இருந்தது. போட்டவர் பெயர் நீதிபதி. பெயருக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு படம்: சுவரில் மாட்டிய இடிமுகன் முகமூடி, அதன் ஓரத்தில் பச்சைத் திரைச்சீலை. அந்தத் திரைச்சீலையைத் தைத்தவள் அவள்தான்.

வீட்டுக்கு வந்து அவனைக் கட்டிலருகில் நிற்கவைத்துக் கேட்டாள்.

"நீயேதானாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, அன்னிக்கு ஏதோ கிறுக்குல போட்டுட்டே. எனக்கு வேலை போயி வந்து நின்னப்ப ஏன்டா அழிக்கல?"

"அதுக்கு நாப்பதாயிரம் பேர் லைக் போட்டிருக்காங்கக்கா" என்றான் மெதுவாக. "அழிச்சா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க."

அக்கா அவனை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அந்த வாரமே தோழி ஒருத்தி இருக்கிற வேறு ஊருக்குக் கிளம்பினாள். தையல் மெஷினை இரண்டு சுமைக்காரர்கள் படியில் இறக்கினார்கள். ஒரு கை பிடிக்கலாமென்று அவன் போனான். "தொடாத" என்றாள்.

அன்றைக்குத்தான் பதிவை அழித்தான். ஊரெல்லாம் ஆயிரக்கணக்கில் பிரதி இருந்தது. குழுவில் எழுதினான்: "இனிமே அந்தச் சிரிப்பை யாரும் போடவேண்டாம்." ஏனென்று கேட்டார்கள். மழுப்பிப் பார்த்தான், முடியவில்லை. "அது என் அக்கா" என்று எழுதினான்.

பிறகு ஸ்குரூ வந்தான். "சொந்த அக்காவையே போட்டுக் கொடுத்த மகராசனா நீங்க? தலைவா, இதுக்குத் தீர்ப்பு யார் சொல்றது?" அதன் கீழே அந்தச் சிரிப்பு. அதற்குக் கீழே நூறு சிரிப்பு. சாயங்காலம் வாக்கெடுப்பு நடத்தி அவனை வெளியே தள்ளினார்கள். யாரோ அவனுடைய பழைய புகைப்படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, வாயில் அக்காவின் சிரிப்பைப் பொருத்தி விட்டிருந்தார்கள்.

படம் வந்தது. முதல் நாள் பகல் காட்சிக்குத் தனியாகப் போனான். முகமூடி கடைசிவரை கழலவில்லை. கட்டடங்கள் மளமளவென்று சரிந்தன. அவன் குழுவில் கேட்டதெல்லாம் திரையில் இருந்தது. இடைவேளையில் எழுந்து வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகவில்லை.

குழுவை விட்டு அவனால் இருக்க முடியவில்லை. வேறொரு பெயரில் மறுபடியும் சேர்ந்துகொண்டான். அங்கே இரண்டாம் பாகத்துக்கு யார் இயக்குநர் என்று விவாதம் சூடுபிடித்திருந்தது. "என்ன இருந்தாலும் அழுகாச்சி எடுத்திருந்தா மனசுல நின்னிருக்கும், அநியாயமா அந்தம்மாவை விரட்டிட்டாங்க" என்று பலர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஸ்குரூவும் ஒருவன்.

அக்காவுக்கு மாதம் ஒருமுறை போன் செய்வான். எடுப்பாள். "நல்லா இருக்கேன். வேலை கெடக்கு" என்பாள். வைத்துவிடுவாள்.