கண் வைக்காத மாரியம்மன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னே பின்னே சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சில விஷயம் மறந்தும் போச்சு. கோபம் மட்டும் மறக்கவில்லை.

மொசைக் தரை போடும் வேலைக்குச் சித்தாளாகப் போனவள் நான். வெள்ளை சிமெண்டில் கலர் கல் சில்லுகளைக் கலந்து பரப்பி, இறுகினபின் மிஷினால் தேய்ப்பார்கள். நடுக்கூடத்தில் தாமரையோ மயிலோ கேட்டால் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். அதற்கு ஆண்களுக்குப் பொறுமை கிடையாது, எங்களிடம் தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் கை பழகியது. வேலைக்குப் போவதை விட்ட பிறகும், கிரானைட் பட்டறைக்காரர்கள் வெளியே கொட்டும் துண்டுகளைப் பொறுக்கி வந்து வீட்டில் படம் செய்துகொண்டிருப்பேன்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலைப் புதுப்பித்தபோது, முன்சுவரில் வைக்க ஒரு அம்மன் செய்து தரச் சொன்னார் கோயில் கமிட்டித் தலைவர். கடப்பாக் கல் ஒன்றின் மேல் செய்தேன். முகத்துக்கு ரோஸ் கல், வேப்பிலைக்குப் பச்சை, கூந்தலுக்கு நம்ம பக்கத்துக் கறுப்பு. பல்லுக்குப் பால்வெள்ளையான வெங்கச்சாங்கல், பாப்பாரப்பட்டிப் பக்கம் கொல்லைக்காட்டில் கிடந்தது. கோடைக்காலம் முழுக்க அதிலேயே போயிற்று.

கண் இரண்டையும் குழியாக விட்டிருந்தேன். அது வழக்கம். சாமிக்குக் கடைசியில்தான் கண் வைப்போம். அதுவும் சாமி நிற்கப்போகிற இடத்தில், பூசை போட்டபின். அதுவரைக்கும் அது வெறும் கல்தான்.

கல்லைக் கமிட்டிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போய்விட்டேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும், எதிரே டீக்கடை வைத்திருப்பவள் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க ஆத்தாளப் பாத்தீங்களா? அப்படியே திரும்பிப் பாருங்க. மூக்கப் பொத்திக்கிட்டுப் பாருங்க."

பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு சுவர் உண்டு. ஊர் ஆண்களெல்லாம் ஒன்றுக்குப் போகிற சுவர். அதில் என் அம்மனைச் சிமெண்ட் வைத்துப் பதித்திருந்தார்கள். கீழே ஈரம் காயவில்லை.

தலைவர் டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தார். "நோட்டீஸ் ஒட்டுனோம், அபராதம்னு எழுதுனோம், ஒருத்தனும் கேக்கலக்கா. சாமின்னா பயப்படுவான் பாருங்க."

"அப்ப கோயிலுக்குங்க?"

"கோயிலுக்கு சேலத்துல டைல்ஸ்ல படம் போட்டு வாங்கியாச்சு. பளபளன்னு இருக்குது. நீங்க இதுக்குக் கண்ண மட்டும் வெச்சுக் குடுத்துடுங்க. கண்ணு இல்லாததுனாலதான் எவனுக்கும் பயமில்ல, இன்னும் போய்க்கிட்டே இருக்கறானுங்க."

"கண்ணத் தொறந்தா ஆத்தா என்னென்ன கண்றாவியெல்லாம் பாக்கணுமோ!" என்றாள் டீக்கடைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஆண்களிடம் நிமிர்ந்து பேசினவள் இல்லை. "முடியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மனசு கொதித்தது. மாரண்டஹள்ளிச் சந்தையில் காய் போட்டுவிட்டு வருகிற பெண்கள் நாங்கள் அந்த ஸ்டாப்பில் எத்தனை நேரம் அடக்கிக்கொண்டு நிற்கிறோம்? எங்களுக்கு ஒரு சுவர்கூட இல்லை. கக்கூஸ் கட்டக் கேட்டால் இடமில்லை என்பார்கள். ஆண்களுக்குப் புத்தி சொல்ல மட்டும் ஒரு பொம்பளைச் சாமி வேண்டுமாம், அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு!

மறுநாள் காலையில், அதைப் பதித்த மேஸ்திரியைத் தேடிப் போய்ப் பேர்த்துத் தரச் சொன்னேன்.

"ஒடஞ்சாலும் ஒடஞ்சிடும் ஆயா. அப்புறம் என்னையத் திட்டக்கூடாது."

"ஒடையட்டும் தம்பி. எடு."

அம்மனின் தோள்பட்டையில் குறுக்கே விரிசல் விட்டது. முகம் தப்பித்தது. வண்டியில் ஏற்றும்போது தலைவர் ஓடி வந்தார். "ஊர் சொத்துல கை வெக்கறீங்க! யாரக் கேட்டு எடுத்தீங்க?"

கல்லைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கும் வாய் வந்துவிட்டது. "கண்ணு வெச்சாத்தாங்க அது ஊர் சாமி. வெக்காத வரைக்கும் நான் பொறுக்குன கல்லு. எங்கூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"பொம்பளைக்கு இவ்ளோ ரோசமா?" என்றார். வண்டிக்குக் குறுக்கே மட்டும் வரவில்லை.

அம்மன் இப்போது எங்கள் வீட்டில் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். பிளவை இன்னும் நான் பூசவில்லை. கோயிலில் இடம் கொடுத்தால் அங்கே வந்து கண் வைப்பேன். இல்லாவிட்டால் நான் இருக்கும்வரை இப்படியே கல்லாக இருக்கட்டும். அந்தச் சுவருக்கு ஆண்கள் இன்றைக்கும் போகிறார்கள். கக்கூஸ் இன்னும் வரவில்லை.

இதை அச்சில் போடுகிறவர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். பச்சைக் கல் எந்த ஊர்க் கல் என்பது எனக்கு நினைவில்லை. தலைவர் சொன்னதிலும் ஒன்றிரண்டு வார்த்தை முன்பின்னாக இருக்கலாம். மேஸ்திரியையும் டீக்கடைக்காரியையும் கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள்.