டமாஸ்கஸ் ஒழுங்கை, மொன்றியல் போறணை

ரொட்டிப் போறணைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு முகம் வேகும், முதுகு குளிரும், ஊர்க்கதை மட்டும் சுடச்சுடக் கிடைக்கும். வெளிநாட்டுக் கடைகளில் கால்கடுக்க நின்று உழைத்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடம் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு சிரியாக்காரரின் ரொட்டிக் கடையில் வேலைக்கு நின்றேன். முதலாளி அபு எலியாஸ், டமாஸ்கஸ் பழைய நகரத்தில் பாப் தூமா பகுதியில் ஒரு ஒடுக்கமான சந்தில், எங்கட பாஷையில் ஒழுங்கையில், பிறந்து வளர்ந்தவர். கடைக்கு வருகிற சனத்தில் பாதி அதே ஒழுங்கை, மீதி பக்கத்து ஒழுங்கை. அவர்கள் அரபியும் பிரெஞ்சும் கலந்து சொன்னதை எங்கட தமிழில் தருகிறேன்.

பெயர் பொருத்தம்

வேலை கேட்டுப் போன அன்று அவர் என் அனுபவத்தைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்டார். தோமஸ் என்றேன். மனிதர் மாப் பிசைந்த கையோடு எழும்பி வந்துவிட்டார். பழைய நகரத்து மதிலில் உள்ள வாசல்களில் ஒன்றுக்கு இயேசுவின் சீடர் தோமையாரின் பெயராம். பாப் தூமா என்றாலே தோமையார் வாசல்தானாம். நானும் மட்டக்களப்புக் கத்தோலிக்கன், விடுவேனா? தோமையார் எங்கட பக்கம் வந்தவர், சென்னையில்தான் அவரை அடக்கம் செய்தது என்று சொல்லுவார்கள் என்றேன். அபு எலியாஸ் ஏப்ரன் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அப்ப அவர் எங்கட வாசலாலைதான் வெளிக்கிட்டிருப்பார். நீ இந்த வாசலாலை உள்ளை வா, ஏப்ரனைக் கட்டு."

சனிக்கிழமைத் தட்டுகள்

அந்தக் காலத்தில் அவர்களுடைய ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு போறணை இல்லை. பெண்கள் இறைச்சியைக் கொத்தி, மசாலா சேர்த்து, தட்டில் வைத்து ஒழுங்கை முனையில் இருந்த போறணைக்கு அனுப்புவார்களாம். கிறிஸ்தவ வீட்டுத் தட்டும் முஸ்லிம் வீட்டுத் தட்டும் ஒரே நெருப்பில் வேகும். ஆருடைய வீட்டில் விருந்து, ஆருடைய வீட்டில் நோயாளி என்பதெல்லாம் தட்டைப் பார்த்தே தெரிந்துவிடுமாம்.

மொன்றியலில் எல்லாருடைய வீட்டிலும் நல்ல ஓவன் இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை காலையில் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் துணி மூடிய தட்டுகளைக் காவிக்கொண்டு எங்கட கடைக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். கொட்டுகிற பனிக்குள்ளும் வருவார்கள். முதலாளியின் அதே ஒழுங்கையில் வளர்ந்து, இப்போது கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற சல்மா அன்ரி ஒரு கிழமையும் தவறியதில்லை. வீட்டில் ஓவன் பழுதோ என்று ஒருநாள் கேட்டேன்.

"புத்தம்புது ஓவன், மகன். ஆனா அதோடை என்னத்தைக் கதைக்கிறது?"

தீர்ப்பு

கோப்பி குடிக்கிற நேரம் வழக்குத் தொடங்கும். அபு எலியாஸ் மேசையில் கிடக்கிற மாவில் விரலால் ஒழுங்கையைக் கீறுவார். சல்மா அன்ரி அதைத் துடைத்துவிட்டு வேறு மாதிரிக் கீறுவா. அங்கத்தை வீடுகளை வெளியில் பார்த்தால் வெறும் சுவராம். கதவைத் திறந்தால் முற்றம், நடுவில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் எலுமிச்சை. இதிலெல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. முனைப் போறணை ஒழுங்கையின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில்தான் சண்டை. ஒருநாள் அது முற்றி, கடைசியில் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

நான் டமாஸ்கஸைத் தொலைக்காட்சியில்கூட ஒழுங்காகப் பார்க்காதவன். ஆனால் இரண்டு பேர் கதையையும் மாதக்கணக்காகக் கேட்டவன். தோமையார் வாசல் பக்கத்தால் வந்தால் இடம், சந்தைப் பக்கத்தால் வந்தால் வலம் என்றேன்.  சல்மா அன்ரிதான் முதலில் சிரித்தா.

"பார், இவன் ரெண்டு பக்கத்தாலையும் வந்திருக்கிறான்."

ரொக்ஸ்பரோவில் இருந்து வந்த தாய்

ஒரு மாசி மாதம், மொன்றியலுக்கு மேற்கே தள்ளியிருக்கிற ரொக்ஸ்பரோவில் இருந்து ஒரு சிரியாக்காரர் தாயைக் கூட்டிவந்தார். கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணி எடுத்த தாய். வந்த நாளில் இருந்து ஜன்னலால் பனியைப் பார்த்தபடி இருக்கிறாவாம், சாப்பாடும் குறைந்துவிட்டதாம். டமாஸ்கஸில் அவவைப் பார்க்க ஒருவரும் இல்லை. ஆனாலும் திரும்பிப் போகத்தான் வேணும் என்று பிடிவாதமாம், டிக்கெட்டும் போட்டாயிற்றாம். தாய்க்கு விளங்காதபடி இதையெல்லாம் பிரெஞ்சில் மெல்லமாகச் சொன்னார். 

முதலாளி வெளியே போயிருந்தார். என்னிடம் இருந்த அரைகுறை அரபியில் தாயிடம் எந்த ஒழுங்கை என்று கேட்டேன். சொன்னா. அபு எலியாஸ் மாவில் கீறுகிற அதே ஒழுங்கை. போறணைக்குக் கிட்டவா என்றேன். தொட்டியில் மீன் வளர்த்த வீட்டுக்கு அடுத்ததா என்றேன். அவ அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தா.

"நீ எந்த வீட்டுப் பிள்ளை?"

மீன் வளர்த்தது சல்மா அன்ரி வீடு. அன்ரிக்கு ஃபோன் எடுத்தேன். வீட்டு உடுப்புக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். அழப்போகிறார்கள் என்று நான் மறுபக்கம் திரும்பினேன். சண்டைதான் கேட்டது. தாய் வீட்டு மல்லிகைக் கொடி மதில் தாண்டிப் பூத்ததாம். அந்தப் பூவை அன்ரி வீட்டார் பறித்தது நியாயமா என்று வழக்கு. மகன் பயந்துபோனார். சத்தம் ஏறஏறத் தாயின் முகத்தில் நிறம் வந்தது. கொஞ்ச நேரத்தில் தாய் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, சாப்பிட ஏதும் இருக்கா என்று என்னைக் கேட்டா. இரண்டாவது ரொட்டியைப் பிய்க்கும்போது மகன் மெதுவாக டிக்கெட்டைப் பற்றிக் கேட்டார்.

"அதைப் பேந்து பாப்பம். முதல்ல இவள் என்ரை பூவுக்குப் பதில் சொல்லட்டும்."

டிக்கெட் காலாவதியானது, பூ வழக்கு மட்டும் நான் வேலையை விடும்வரை சனிக்கிழமைதோறும் நடந்தது. ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள அங்கே போகவேண்டும் என்றில்லை, அந்த ஊர்க்காரர் சண்டை பிடிக்கிற இடத்தில் ஒரு வேலை கிடைத்தால் போதும்.