நாற்பத்தொன்று ஒத்துப்போகவில்லை

அந்த ஆஸ்பத்திரியின் ஒலிப்பதிவு அறையில் வேலை பார்த்தவருக்கு ஒரு காது கேட்காது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் நிஜம். ஒற்றைக்காது என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுக்கப் போகிறவர்களை, அறுவைக்கு முந்தின நாள் உட்கார வைத்துப் பேசச் சொல்வது அவர் வேலை. பிள்ளைகளின் பெயர், வாடகைக்காரனைத் திட்டுகிற திட்டு, எது வேண்டுமானாலும் பேசலாம். மறுநாளிலிருந்து அந்தக் குரல் அவருடைய பதிவில் மட்டும்தான் இருக்கும்.

ஆள் இருப்புக்கொள்ளாத ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார், மறுபடி போவார். அப்படிப்பட்டவரிடம் பெரிய டாக்டர் காலையில் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"அசல் பதிவு இருக்கிற பழைய டிஸ்க் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. சுருக்கின பிரதி ரெண்டு மெஷின்லயும் இருக்குல்ல? ரெண்டும் ஒண்ணுன்னு கையெழுத்துப் போடுங்க. அஞ்சு மணிக்குப் பழச அழிச்சு ஸ்டோர்ல கொடுத்துடலாம்."

முந்நூற்றுப் பதினாறு குரல்கள். ஒலியில் ஒரு துளியும் போகாமல் சுருக்குகிற முறையில், பழைய மெஷினில் அவர் ஒரு தடவையும் புது மெஷினில் கூட வேலை பார்க்கிற பெண் ஒரு தடவையும் சுருக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் மெஷின் ஒரு நீள எண் சொல்லும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். ஒற்றைக்காது இரண்டு பக்கத்து எண்களையும் ஒத்துப் பார்த்தார். இருநூற்று எழுபத்தைந்து சரி. நாற்பத்தொன்று ஒத்துப்போகவில்லை. அளவிலேயே கொஞ்சம் கூடக் குறைய இருந்தன.

எழுந்து அவள் மேஜைக்கு ஓடினார்.

"எதும்மா நிஜக் குரல்? என்னோடதா, உன்னோடதா?"

"ரெண்டும்தான் அண்ணே," என்றாள் அவள், நாற்காலியைத் திருப்பாமலே. "மெஷின் அடுத்த ஒலி எப்படி வரும்னு ஒரு யூகம் போடும். யூகத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தக் கூடவே எழுதி வெச்சுக்கும். யூகம் போடுற கணக்குல, புள்ளிக்கு அப்புறம் கடைசி இலக்கத்த என் மெஷின் ஒரு மாதிரி முடிக்கும், உங்களோடது வேற மாதிரி முடிக்கும். யூகம் மாறினா வித்தியாசமும் மாறும். கூட்டினா அதே குரல்."

"யூகமா! செத்தாலும் திரும்ப வராத குரல்ல யூகமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதீங்க. அஞ்சு மணிக்கு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க, நான் டீ குடிக்கப் போயிடுறேன்."

பதினொரு மணிக்குள் அவர் ஆறு தடவை எழுந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் கால் தானாக அடித்தளத்துச் சலவைப் பிரிவுக்குப் போனது. அவர் மனைவி அங்கே படுக்கை விரிப்புகளை மடிக்கிறவள். நடந்ததைக் கொட்டினார். அவள் கை நிற்கவில்லை.

"நான் மடிச்சா இவ்வளவு உயரம். அவ மடிச்சா இவ்வளவு," என்று எதிரே நின்றவளின் அடுக்கைக் காட்டினாள். "வார்டுல விரிச்சா கட்டில் தெரியாம மூடுதா இல்லையான்னுதான் பார்ப்பாங்க. நீங்க மடிப்ப அளந்துட்டு வந்து என் உயிர வாங்குறீங்க."

"விரிச்சுப் பார்க்கல," என்றார் அவர்.

"அப்ப இங்க என்ன வேலை? சாப்பிட்டுட்டு..."

அவர் அதற்குள் படியேறிவிட்டார். இத்தனை நேரமும் சுருக்கிய மூட்டைக்கு எண் பார்த்தாரே ஒழிய, உள்ளே இருக்கிற குரலுக்குப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் குரலோடு கிடந்த மனுஷன் செய்கிற தப்பா அது?

"நாற்பத்தொண்ணையும் விரிக்கலாம் அண்ணே, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்," என்றாள் கூட வேலை பார்க்கிறவள்.

"முந்நூத்திப் பதினாறையும். நான் மடிச்சத உன் மெஷின்ல விரி, நீ மடிச்சத நான் விரிக்கிறேன். ரெண்டையும் பழைய டிஸ்க்கோட ஒத்துப் பார்க்கணும்."

"உங்க வீட்டம்மா எப்படித்தான் குடித்தனம் நடத்துறாங்களோ!"

ஆனாலும் செய்தாள். விரித்த குரலுக்கு வந்த எண்ணின் கடைசி இலக்கங்களை அவர் வாசிக்க, அவள் பதில் சொன்னாள். முழு எண்ணையும் மெஷின் தனியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தது, அது அவருக்குப் போதவில்லை. ஒத்துப்போகாத முதல் கோப்பு வந்தது. பஸ் கண்டக்டர் ஒருவர் நிறுத்தங்களை வரிசையாகக் கூவிய பதிவு.

"ஏழு, இரண்டு, ஒன்பது, ஒன்பது."

"ஏழு, ரெண்டு, ஒம்போது, ஒம்போது. பழைய டிஸ்க்லயும் அதேதான்."

அவர் மூச்சு விட்டார். அடுத்ததற்குப் பிடித்துக்கொண்டார். இப்படியே நாற்பத்தொரு தடவை. ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது கடைசிக் குரலும் சரியாக வந்தது. இரண்டு மெஷின், மூன்று இடம், ஒரு புள்ளி பிசகவில்லை.

கையெழுத்தை அவர் மூன்று தடவை போட வேண்டியதாயிற்று. முதல் இரண்டும் வேறு யாருடைய கையெழுத்தோ போல இருந்தன. அழிக்கிற பொத்தானை வேறு யாரையும் தொட விடவில்லை. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"அழுத்துங்க," என்றார் டாக்டர்.

அழுத்தினார். திரையில் பச்சைக்கோடு மெல்ல நகர்ந்தது. அவர் உட்காரவில்லை.

"அடுத்த வருஷம் மூணாவதா ஒரு மெஷின் வாங்குவாங்க இல்ல?" என்று அவளிடம் கேட்டார்.

"வாங்கட்டும் அண்ணே. அதுலயும் முந்நூத்திப் பதினாறையும் விரிச்சுப் பாருங்க."

"பார்ப்பேன்," என்றார். சிரிக்கவே இல்லை.